பத்தாவது நாளில் ஒரு வரி

பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாத்தியாரம்மா. நேரில் அக்கா என்போம். ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருள் எங்கள் பிழைப்பு. அதைச் சோதிக்கும் ஆயிரத்துச் சொச்சம் டெஸ்டுகளையும் எழுதியவர் அக்காதான். தேறினால் சுவர்த்திரையில் பச்சை, தோற்றால் சிவப்பு.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நோயாளிக்கு ஒரே குறுஞ்செய்தி ஏழு தடவை போய்விட்டது. மனுஷன் ஏழு டோக்கன் கிடைத்ததாக நினைத்துக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் மானம் கப்பலேறியது. அக்கா வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். டெஸ்ட் ஓடும்போது நிஜமாகச் செய்தி அனுப்ப முடியாதே, அதனால் அனுப்பும் பகுதியின் இடத்தில் ஒரு போலியை உட்கார வைப்போம். மாக் என்று பெயர். அக்கா வைத்தது ஸ்ட்ரிக்ட் மாக். மென்பொருள் அதனிடம் இன்னதுதான் கேட்கும், இந்த வரிசையில்தான் கேட்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஒரு கேள்வி கூடுதலாக வந்தாலும் சிவப்பு. வர வேண்டிய கேள்வி வராவிட்டாலும் சிவப்பு.

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். எவன் எங்கே கை வைத்தாலும், வேலை ஒழுங்காகவே நடந்தாலும், நூறு டெஸ்ட் சிவக்கும். திருத்த அவரை விட்டால் ஆளில்லை. எல்லாவற்றையும் தளர்த்தி எழுத இரண்டு மாதம் கேட்டார். பார்க்கலாம் என்றார் மேனேஜர். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மகராசன்.

அக்காவின் புருஷனும் ஆறு வயது மகளும் எட்டு மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் போன் செய்வாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பார். சாப்பிட்டாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா என்று இவர் கேட்பார். கடைசியில் அவள் கேட்பாள்: "எப்பம்மா வருவே?"

"அடுத்த வாரம்டா கண்ணு."

தினமும் இதே கேள்வி, இதே பதில்.

போன மாதம் அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியானது. பத்து வேலை நாள் தொடர்ந்து பச்சையாக இருந்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்றார் மேனேஜர். ஒன்பது நாள் பச்சை. மகளிடம் சனிக்கிழமை வருகிறேன் என்று கிழமையே சொல்லிவிட்டார் அக்கா.

பத்தாவது நாள் காலையில் எங்களைக் கும்பிடாத குறை. "இன்னிக்கு ஒரு நாள் யாரும் எதையும் தொடாதீங்கப்பா."

மாடு மாதிரி தலையாட்டினேன். மத்தியானம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. செய்தி எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்க்க ஒரே ஒரு வரி லாக் சேர்த்தேன். லாக் என்பது வெறும் குறிப்பு, எதையும் மாற்றாது. அதைத் தொடுவதாகவே நான் நினைக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குறிப்பு எழுதும் பகுதிக்கும் அக்கா போலி வைத்திருந்தார்; என் வரி அதற்குக் கூடுதலாக வந்த கேள்வி. முன்னூற்றுப் பன்னிரண்டு சிவப்பு.

பதறிப்போய் வரியை எடுத்தேன். பத்தே நிமிஷத்தில் எல்லாம் பச்சை. மேனேஜரிடம் ஓடி, தப்பு என்னுடையது என்றேன்.

"ஒரு வரிக்கே இந்தக் கதின்னா, அவங்களை எப்படிப்பா அனுப்புறது?" என்றார். நாலு மணிக்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. "நீ என்ன பண்ணுவே, எழுதினது நான்தானே," என்றார். புருஷனுக்குத் தகவல் அனுப்பிவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆறு மணிக்குப் போன் வந்தது. சாப்பிட்டாளாம். வீட்டுப்பாடமும் முடித்துவிட்டாளாம். அப்புறம் தட்டச்சை நிறுத்திவிட்டு அக்கா காத்திருந்தார்.

"சரிம்மா, வச்சிடறேன்," என்றாள் குழந்தை.

போனையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அவ கேக்கலையே," என்றார். எதிரே சுவர்த்திரை முழுக்கப் பச்சையாக இருந்தது.