இரும்பில் கடைந்த பல்சக்கரம்

ராணுவத்திலிருந்த அண்ணன் முப்பது வருடத்துக்கு முன் வாங்கிவந்த ரிமோட் கார் அது. அவன் இறந்த பிறகு, ராஜபாளையத்தில் மில் ஃபிட்டரான நான், பந்தயத்தில் விடுவதற்காக அதில் புது மோட்டாரும் பேட்டரியும் மாட்டினேன். பிளாஸ்டிக் பல்சக்கரம் தாங்காது என்று, மில்லில் செய்கிற மாதிரியே லேத்தில் இரும்பில் கடைந்து போட்டேன். பெரிய கெட்டிக்காரன்!

தளவாய்புரம் கண்மாய்ப் பொட்டலில் முதல் திருப்பத்திலேயே கார் கல்லில் மோதியது. டயர் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. கியர்பெட்டி அடிச்சட்டத்தோடு பிளந்துபோனது.

"பிளாஸ்டிக் பல்லு தான் ஒடஞ்சு மத்ததக் காப்பாத்தும்ணே. அதப் போயி ஏன் மாத்துனீய?" என்றார் பக்கத்தில் ஓட்டியவர்.

அந்தப் பாகங்கள் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. நான் கடைந்த இரும்பில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.