பாறுகளுக்கு வந்த செம்மறி

ஏப்ரல் முதல் வாரம், காலை ஆறு மணி. போடிமெட்டில் மதுரை பஸ் ஏறப்போன நேரம், சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து வழியனுப்ப வந்த அக்கா கேட்டாள்: “சம்பளமில்லாம செத்த ஆட்டைச் சொமக்கவாடா கடல் தாண்டிப் போற?”

“சோறு போடுறாங்கக்கா. தங்க எடமும் தாராங்க.”

“அது இங்க இல்லாமத்தான் போறியாக்கும்.”

ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு ஊர் சுற்றுவது மட்டும்தான் ஒழுங்காக வந்தது. சின்னக்கானல் விடுதியில் நான் சமைத்தபோது தங்க வந்த பல்கேரியப் பெண் யானா, அவர்கள் மலையில் அற்றுப்போன, செத்ததை மட்டும் தின்னும் பாறுக் கழுகுகளை மறுபடி குடியேற்றும் வேலைக்கு என்னை அழைத்திருந்தாள்.

சோபியாவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம், பிறகு ஜீப்பில் பன்னிரண்டு கிலோமீட்டர். மேய்ப்பர்கள் தரும் செத்த ஆடுகளைச் சுமந்துபோய்ப் பாறைமேட்டில் போட வேண்டும். நாற்றம் சீக்கிரம் பழகிவிட்டது, முதுகுவலி பழகவில்லை. கூண்டிலிருந்து திறந்துவிட்ட பதினொரு பாறுகள் அந்தத் தீனியை நம்பித்தான் அங்கே தங்கியிருந்தன.

மே மாதம் ஸ்தோயான் என்ற மேய்ப்பரின் ஆடுகளை ஓநாய் கொன்றது. செத்த ஆட்டில் விஷம் வைக்கப்போவதாகச் சொன்னார். ஓநாய் தின்னுமோ இல்லையோ, பாறுகள் கட்டாயம் தின்னும். ஓர் ஆடு போதும், எல்லாப் பாறுகளும் போய்விடும்.

அவர் வீட்டுக்குப் போய் யானா கெஞ்சினாள். அவர் என்னைப் பார்த்தார். “இவன் ஊர்ல மிருகத் தொல்லை உண்டா?”

“யானை ரேஷன் கடைச் சுவரை இடிச்சு அரிசி தின்னும்” என்றேன். யானா மொழிபெயர்த்தாள்.

“கோபம் வராதா?”

“வராம? திட்டித் தீர்ப்போம். அப்புறம் சுவரைக் கட்டுவோம்.”

“சுவரைத் திரும்பக் கட்டிரலாம். ஆட்டை?”

அவரிடம் வாக்கு எதுவும் வாங்காமலே திரும்பினோம்.

மறுநாள் காலை அவரே கழுதை வண்டியில் ஒரு செத்த செம்மறியோடு பாறைமேட்டுக்கு வந்தார். யானா வாங்கத் தயங்கினாள். விஷம் வைத்ததா என்று எப்படிக் கேட்பது? ஸ்தோயான் அவள் முகத்தைப் பார்த்தார். கத்தியை எடுத்துத் தொடையில் ஒரு துண்டு அறுத்து, வண்டியோடு வந்த தன் காவல்நாய்க்குப் போட்டார். ராத்திரியில் அவர் காலடியிலேயே தூங்கும் நாய். தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

யானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் செம்மறியின் முன்னங்கால்களைப் பிடித்தார், நான் பின்னங்கால்களை.

ஜூலையில் நான் கிளம்பிய அன்று பதினொரு பாறுகளும் வானத்தில் இருந்தன. ஸ்தோயான் ஒரு கட்டிப் பாலாடைக்கட்டி கொடுத்தார், கைகூப்பி வாங்கிக்கொண்டேன். எங்கள் மலை வானத்தில் நான் பாறு பார்த்ததில்லை.

என்ன சம்பாதித்தாய் என்று அக்கா கேட்பாள். அந்த நாய் தின்றதைச் சொல்வேன்.