செல்லக்கனி ஒட்டாத ஸ்டிக்கர்

"வாயைத் திறக்காதீங்க, கன்னம் நகருது" என்று அதட்டிவிட்டு, ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கும் மனிதரின் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறார் செல்லக்கனி. வந்தவர் ஏதோ கப்பல் கம்பெனியில் மேலாளர். கார் பந்தயப் பாதையில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு ஹெல்மெட் வாங்க வந்தார். இருபத்தைந்து நிமிடமாக அதற்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரம் ஆகாமல் கழற்றக் கூடாது என்பது இந்தக் கடையின் சட்டம்.

நேரம் முடிந்து கழற்றினால், நடுநெற்றியில் நாணயம் அளவுக்குச் சிவந்திருக்கிறது.

"இது ஆகாது. உங்களுக்கு நீளத் தலை. இது உருண்டைத் தலைக்கு உள்ளது. அடுத்த மாசம் வேற வருது, அப்ப வாங்க."

"ஒரு சைஸ் பெருசா குடுத்துடுங்களேன், மேடம்."

"பெருசு குடுத்தா வண்டி முட்டுத நேரம் அது ஒரு பக்கம் போவும், தல ஒரு பக்கம் போவும்."

மேலாளர் எழுந்து போய்விட்டார். கல்லாவில் இருந்த சுயம்பு, செல்லக்கனியின் கணவர், கண்ணை மூடித் திறந்தார். "வந்த ஆளை எல்லாம் தலையைத் தடவி அனுப்பிருதா" என்றார் என்னிடம்.

ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது கடை. முழங்கால் வரை வரும் கம்பூட்டு, கையுறை, மஞ்சள் தொப்பி, தீயணைக்கும் சிலிண்டர் எல்லாம் சுயம்பு பார்த்துக்கொள்வார். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பந்தய ஹெல்மெட்டுகள் மட்டும் செல்லக்கனியின் ராஜ்யம். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. பேச்சு இன்னும் முழுதாகச் சென்னைக்கு வந்து சேரவில்லை.

பந்தயப் பாதைக்கு இவர் போய்ச் சேர்ந்த கதை எளியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் அந்த இடத்துக்கு ஆறு வருடத்துக்கு முன் கையுறை கொடுக்கப் போனார். அங்கே ஹெல்மெட்டுகளைச் சோதித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு அரை நாள் சண்டை போட்டார். "அப்ப நீங்களே வந்து பாருங்கம்மா" என்று யாரோ சலித்துப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு சோதனை மேசையில் செல்லக்கனிதான். சரியாக இருக்கும் ஹெல்மெட்டில் அன்றைய பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவார். அது இல்லாத தலை பாதைக்குள் போக முடியாது. மாலையில் கடையின் பழைய காரை எடுத்துக்கொண்டு அவரும் நாலு சுற்று வருவார். எல்லோரும் அவரை முந்திப் போவார்கள். அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

அவரோடு பழகுவது பெரிய பாடு. என் பைக் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி வைத்ததற்காக நடுத்தெருவில் கால் மணி நேரம் திட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணாடி முனை உள்ளே இருக்கும் தெர்மக்கோலைக் குழித்துவிடுமாம். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் முதலில் முகக்கண்ணாடியைத்தான் தூக்கிப் பார்ப்பார். "சாம்பலைத் துணி வச்சுத் தேச்சியளா? தண்ணிய ஊத்திக் கழுவிட்டுல்லா தொடைக்கணும்!" உள்துணியைக் குழந்தைகள் ஷாம்பு போட்டு அலசி, நிழலில், மின்விசிறிக்குக் கீழே காயவைக்க வேண்டும். வெயில் கூடாது. தின்னர், பெட்ரோல் கிட்டேயே வரக் கூடாது. ஹெல்மெட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தவர்களை ஸ்டிக்கர் ஒட்டாமல் திருப்பியிருக்கிறார். கடல் காற்றில் தாடைப் பட்டையின் வளையம் துருப்பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். பைக் ஹெல்மெட்டோடு வருகிறவர்களிடம், கார் ஹெல்மெட்டின் உள்துணி சட்டென்று தீப்பிடிக்காது என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். சாவியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராயபுரத்துக்காரர். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பழைய கார் ஒன்றை இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தார். அதை ஒருமுறையாவது பாதையில் ஓட்டிவிட வேண்டும். மறுவாரம் அது கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போகிறது. பேசி முடித்தாகிவிட்டது. ஹெல்மெட் செல்லக்கனியிடமே அரை மணி நேரம் வியர்த்து வாங்கியது. சாவியோவின் மனைவி மெர்லின் போனில் படம் எடுக்கத் தயாராக வந்திருந்தார். எழுத ஏதாவது கிடைக்குமென்று நானும் அதே காரில் போயிருந்தேன்.

ஷூ நாடாவைக் கட்டுவதற்காகச் சாவியோ ஹெல்மெட்டைக் காரின் மேல் வைத்தார். மெர்லின் கதவைச் சாத்தினார். ஹெல்மெட் உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டு முறை எகிறியது. இருபதடி தள்ளி, மேசையில் இருந்த செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தார்.

சாவியோ அதை எடுத்துத் துடைத்தார். கீறல் ஒன்று, நகம் அளவு. மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"எய்யா, இதுக்கு ஒட்ட முடியாது" என்றார் செல்லக்கனி.

"இன்னாக்கா! உள்ள தலையே இல்ல, காலி ஹெல்மெட்டு. வுழுந்தா இன்னா ஆயிடும்? நல்லாத்தான கீது!"

"நல்லாயிருக்கலாம்."

"அப்ப ஒட்டு."

"உள்ளயும் நல்லாயிருக்கான்னு எனக்குத் தெரியாதுல்லா. தெரியாததுக்கு எப்படி ஒட்டுவேன்?"

"நீ பாக்கலன்னு வெச்சிக்கோ. ஒட்டியிருப்பதானே?"

"ஒட்டியிருப்பேன். பாத்துட்டேனே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று ஏற்பாடுகளைக் கவனித்த பாலகணேஷிடம் போய்ச் சொன்னேன். அவர் கையை விரித்தார். "அந்த அம்மா மேசையில நான் தலையிட்டா அடுத்த மாசம் மேசையே இருக்காது, சார்." வாடகை ஹெல்மெட் இருக்கிறதா என்று கேட்டோம். இரண்டு இருந்ததாம். ஆகாதென்று காலையிலேயே செல்லக்கனி ஒதுக்கிவிட்டாராம்.

சாவியோ டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். அவருடைய காரை நண்பர்கள் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவர்களுடைய ஹெல்மெட்டுகள் உருண்டைத் தலைக்கு உள்ளவை, சாவியோவுக்கு ஆகாது என்று செல்லக்கனி முன்பே சொல்லிவிட்டார். அது நன்றாகவே ஓடியது. வளைவில் அது சீறிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. மெர்லின் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். 

மறுநாள் மாலை நான் கடையில் இருந்தபோது சாவியோ வேகமாக உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"அறுக்கா. அறுத்துப் பாத்துடலாம். உள்ள விரிசல் இருந்தா உன் கால்ல வுழுறேன். இல்லன்னா நீ இன்னா பண்ணுவ?"

"அறுத்தா அது போச்சுய்யா."

"நேத்தே பூடுச்சிக்கா. அறு."

சுயம்பு வேண்டாம் வேண்டாம் என்று எழுந்து வந்தார். செல்லக்கனி அதற்குள் இரும்பு ரம்பத்தை எடுத்துவிட்டார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, விழுந்த இடத்தின் குறுக்காகவே அறுத்தார். ஓடு கெட்டி. கை வலித்தபோது சாவியோ வாங்கி அறுத்தார். மறுபடி இவர் வாங்கினார். வெள்ளைத் துகள் மேசையெல்லாம் பறந்து ஒட்டியது. கையுறை வாங்க வந்த இரண்டு லாரி டிரைவர்கள், வந்த வேலையை மறந்து நின்றார்கள்.

ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. நால்வரும் குனிந்தோம்.

ஒன்றுமில்லை. நொறுங்கல் இல்லை, பள்ளம் இல்லை, தலைமயிர் அளவுக்குக்கூட விரிசல் இல்லை. புதிதாக உறைந்த தயிர்போல வழவழவென்று இருந்தது.

"இன்னாக்கா இது?" சாவியோ பிளந்த பாதியை அவர் பக்கம் தள்ளினார். "நான் ஓட்டியிருப்பேன்க்கா. என் வண்டிக்கா அது."

 செல்லக்கனி மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையாகவே காத்திருந்தேன்.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நேத்தும் அதத்தான சொன்னேன். தெரியலன்னு."

சாவியோ மேசையை ஓங்கித் தட்டினார். "வேற கடையில வாங்கிக்கிறேன். இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"வாங்கிக்கோய்யா." செல்லக்கனி பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஏதோ எழுதினார். "அம்பத்தொம்பது சென்டிமீட்டர், நீளத் தல. இதத் தாண்டி என்ன சொன்னாலும் வாங்காத. அர மணி நேரம் போட்டுட்டே இரு."

அந்தக் காகிதத்தைச் சாவியோ கசக்கினார். ஆனால் எறியவில்லை. சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

சுயம்பு துடைப்பத்தோடு வந்தார். டிரைவர்கள் கையுறை விலை கேட்டார்கள். நான்கூட ஏதோ சொன்னேன். ஒன்றும் செல்லக்கனியின் காதில் விழவில்லை. பாதி ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்த வெள்ளைப் பரப்பின் மேல் கட்டைவிரலை மெல்ல, மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தார்.