முப்பத்து மூன்று வயதுக் கிழவன்

சுவிஸில், பாடனிலிருந்து சூரிச் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இருந்தவருக்கு நரைத்த மீசை. மடியில் தாள் விரித்து மண்டரின் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என் கைபேசியில் ஓடிய பேஸ்போல் ஆட்டத்தை எட்டிப் பார்த்து, "ஆர் இந்த ஆள்?" என்று கேட்டதுதான் அவர் விட்ட பிழை.

"பந்தை மைதானத்துக்கு வெளியிலை அடிக்கிற ஆள். அணிக்காரர் இவன்ரை ஒப்பந்தத்தைப் பத்து வருசத்துக்கு நீட்டுவமோ எண்டு யோசிக்கினம். நானெண்டால் ரெண்டுக்கு மேலை குடுக்கமாட்டன். முப்பத்து மூண்டு வயசு, விளையாட்டிலை அது கிழவன். முழங்கால் போகும், கண் போகும், சம்பளம் மட்டும் போகாது."

வாழ்நாளில் அந்த மட்டையைத் தொட்டே அறியாத நான் விடாமல் விளக்கினேன். அவர் என் ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு சுளையை வாயில் போட்டு, "ஓம், ஓம்" என்றார்.

பிறகு, "கோட்டெல்லாம் போட்டு எங்கை அண்ணை வெளிக்கிட்டியள்?" என்றார்.

"வேலைக்குத்தான். என்ரை ஒப்பந்தத்தை வருசா வருசம்தான் புதுப்பிக்கிறாங்கள். இண்டைக்கு முதலாளியிட்டை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேக்கப்போறன்."

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்து நாலு."

அவர் சிரிக்கவில்லை. கடைசிச் சுளையை என்னிடம் நீட்டினார்.

"முதலாளியோடை பேஸ்போல் கதைச்சுப்போடாதேங்கோ."

சூரிச்சில் இறங்கிப் போய்விட்டார். நான் முதலாளியின் அறை இருந்த இரண்டாம் மாடிக்கு, மூச்சு வாங்கிவிடக் கூடாதென்று லிஃப்டில் போனேன்.