பச்சையாகாத குழாய்

மதுவிலக்கு மறுபடியும் அமலுக்கு வந்திருந்த எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. போலீஸ் பிடித்து வருபவர்களின் மூச்சைச் சோதிப்பதும் என் பொறுப்பு. பலூனில் ஊதச் சொல்வேன். அந்தக் காற்றை அமிலத்தில் கரைத்த டைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பின் வழியாக விடுவேன். சாராய மூச்சு என்றால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும். பிறகு குழாயைக் கலரிமீட்டரில் வைப்பேன். குழாயின் ஊடே விளக்கொளியைப் பாய்ச்சி, எவ்வளவு வெளிச்சம் மறுபுறம் வருகிறது என்று முள்ளால் காட்டும் கருவி அது.

ஒருநாள் மதியம், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் ஒருவரை ஹெட் கான்ஸ்டபிள் கூட்டிவந்தார். வேலையிடத்திலேயே தள்ளாடி விழுந்தாராம். டியூட்டி டாக்டர் வாயை முகர்ந்து பார்த்து, ‘மது வாடை உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவசர ஆபரேஷனுக்குப் போய்விட்டார். என் சோதனை அதோடு இணைக்க வேண்டிய ஒரு தாள், அவ்வளவுதான்.

பெஞ்சில் சரிந்து கிடந்தவர் வயிறு ஏறி இறங்க ஆழமாக, விடாமல் மூச்சு வாங்கினார். குடித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் இப்படி மூச்சு விட்டதில்லை. குனிந்து முகர்ந்தேன். அழுகத் தொடங்கிய பழம்போல இனித்த வாடை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவ நான் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கும்போது வருகிற அதே வாடை.

அதற்குள் அவர் மனைவி ஓடிவந்தார். “அவிய குடிக்கவே மாட்டாவக்கா. ஒரு வாரமா தண்ணியாத்தான் குடிச்சுத் தீக்காவ, தாகம் அடங்கல” என்றார்.

பெஞ்சில் கிடந்தவரால் ஊத முடியவில்லை. பலூனை நான் உதட்டில் பொருத்திப் பிடிக்க, மனைவி அவர் மூக்கைப் பொத்திப் பிடித்தார். மூன்று மூச்சு சேர்ந்தது. அதைக் குழாயில் விட்டுப் பார்த்தேன். ஆரஞ்சு ஆரஞ்சாகவே நின்றது. கலரிமீட்டர் முள்ளும் அசையவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று பயம் வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இன்னொரு பலூனுக்குள் போட்டு, அந்தக் காற்றை வேறு குழாயில் விட்டேன். கண்ணெதிரே பச்சையானது.

“டாக்டரே எழுதிட்டாரு, பொறவு என்னம்மா? ஸ்டேஷன்ல படுத்தா தெளிஞ்சிருவான்” என்று ஹெட் கான்ஸ்டபிள் எழுந்தார். பத்து நிமிஷம் பொறுக்கும்படி கெஞ்சிவிட்டு, இரண்டு குழாய்களோடு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினேன். அந்தக் கதவை நான் அதுவரை தட்டியதில்லை. தையல் போட்டு முடித்திருந்த டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார்.

“நான் எழுதினது தப்புங்கியா?”

“சார், இது சாராயம் இல்ல. அசிட்டோன் வாடை. சர்க்கரை ரொம்ப ஏறினா மூச்சுல இதான் வரும். சர்க்கரை ஏறிக் கெடக்காரு.” குழாய்களை நீட்டினேன்.

குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னை முந்திக்கொண்டு நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை. டியூப் போட்டுச் சிறுநீர் எடுத்தோம். சர்க்கரை இருக்கிறதா என்று நீல மருந்து சேர்த்துக் காய்ச்சியது செங்கல் நிறமானது. அசிட்டோனுக்கான சோதனை கருஊதாவானது. இன்சுலின், சலைன் என்று ஓட்டம். ஹெட் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

மறுநாள்தான் அந்த வின்ச்காரர் கண் திறந்தார். தான் எழுதிய தாளை டாக்டரே கிழித்தார். ஆனால் ஒரு மாதம் என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

வீடு திரும்பிய பிறகு வின்ச்காரர் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். வின்ச்சிலிருந்து மாற்றித் துறைமுக வாசல் கேட்டில் போட்டிருந்தார்களாம். விழுந்த அன்று காலை அவர் சோர்ந்திருந்ததைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் ஒரு மடக்குச் சாராயம் நீட்டியிருக்கிறார்கள். வயிறு புரட்டியதால் வேண்டாம் என்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதைக் குடித்திருந்தால் குழாய் பச்சையாகியிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

அதன்பின் பச்சையானவர்களுக்கும் சிறுநீர் பார்க்காமல் நான் தாளை நீட்டியதில்லை. நேரமாகிறது என்று போலீஸ்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று சிறுநீரைக் காய்ச்ச அடுப்பைப் பற்றவைப்பேன்.