பழுப்புப் புகைக்குள் இருமியவர்

எங்கள் தெருவில் செத்துப்போனவருக்குச் சுக்குத்தண்ணி வைத்த ஒரே ஆள் ஆதிலட்சுமி அக்காதான். கதிர்காமத்தில் எனக்குப் பக்கத்து வீடு. பேய், பிசாசு என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த இருமலை நானும் என் காதால் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர் இராமதாஸ், மில் மூடிய பிறகு பழைய டிவி, ரேடியோ போர்டுகளை எடைக்கு வாங்க ஆரம்பித்தவர். அவற்றில் ஒட்டியிருக்கும் பொடிப்பொடி பீங்கான் கெப்பாசிட்டர்களைப் பெயர்த்து, இடித்து, ஆசிட்டில் காய்ச்சினால் உள்ளே இருக்கிற வெள்ளியும் பலேடியமும் கரைந்து வரும். பலேடியம் தங்கத்துக்குப் பங்காளி என்பார். புதுச் சரக்கில் பெரும்பாலும் வெறும் நிக்கல்தான், பழசாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். காய்ச்சும்போது பழுப்பாய்ப் புகை கிளம்பும். அதைக் குடித்துக் குடித்தே மனுஷன் போய்ச் சேர்ந்தார். இரண்டு குட்டை இருமல், பிறகு இழுத்து ஒன்று. கடைசி வருஷம் தெருவுக்கே அது மனப்பாடம்.

அவர் போன பிறகும் அக்கா தொழிலை விடவில்லை. சிரிப்பதைத்தான் விட்டுவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து மகள் நிர்மலாதேவி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். "கொழந்த பொறக்கற வரைக்குமாவது இத்த நிறுத்துமா" என்று கெஞ்சினாள். நானும் திட்டிப் பார்த்தேன். புகை மேலேதான் போகும், கூரையில் சந்து விட்டிருக்கிறது என்று அக்கா சாதித்தாள். மகள் படுக்கும் அறைக்கும் அக்கா காய்ச்சும் கொட்டகைக்கும் நடுவே இருந்தது ஒரு தகரத் தடுப்பு.

மகள் வந்த வாரமே இருமல் கேட்க ஆரம்பித்தது. புகை எழும்பியதும் இரண்டு குட்டை, ஒரு நீளம். அக்கா பயப்படவில்லை. "இன்னாங்க, பேரப்புள்ளய பாக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் சுக்குத்தண்ணி வைத்தாள். பழைய போர்டுகள் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வந்தாள். காய்ச்சுவதை நிறுத்தினால் அவர் வர மாட்டார் என்று பயம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபமும் வந்தது.

ஒரு புதன்கிழமை நிர்மலாவைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். மத்தியானம் திரும்பி வந்தால் கொட்டகைக் கதவு திறந்து கிடக்கிறது, வாசல் வரைக்கும் புகை. அக்கா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒங்கப்பா வரலடி. ஆசிட்ட மறுக்கா மறுக்கா ஊத்திப் பாத்துட்டேன். வரவே இல்ல."

நிர்மலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். புகை தொண்டையில் இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இரண்டு குட்டை, பிறகு இழுத்து ஒன்று.

அக்காவின் அழுகை பாதியில் நின்றது.

"நாந்தாம்மா அது" என்றாள் நிர்மலா. "பொக மேல போவல, கீழாலயே ரூமுக்குள்ள வந்துடுது. நீ அப்பாவாண்ட பேசிச் சிரிக்கறது கேக்கும். ரெண்டு வருசமா சிரிக்காதவ சிரிக்கிறியேன்னு சொல்ல மனசு வரல."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு மகளை என் வீட்டுக்குள் இழுத்து வந்தாள். அந்த வாரமே கொட்டகையைப் பிரித்துப் போட்டாள்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். நிர்மலாவின் நெஞ்சைப் பற்றித்தான் இன்னும் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். நிர்மலா இப்போதும் என் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறாள். அக்கா அவள் தலைமாட்டை விட்டு நகருவதில்லை. மகள் தொண்டையைக் கனைத்தாலே முகம் வெளுத்துப்போகிறது.

நேற்றுச் சாயங்காலம் தூக்கத்திலேயே நிர்மலா இருமினாள். இரண்டு குட்டை. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பார்க்கவில்லை, யாருமில்லாத வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க. போயிடுங்க. இனிமே வராதீங்க."