நாற்பத்தொன்றரைக்கு நாற்பத்தொன்றரை

1. எண்பத்து மூன்று சீட்டுகள்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சமாசத்தில் இலிகிதராக, அதாவது எழுத்தராக, மூன்று மாதத் தவணைக்குச் சேர்ந்தேன். தவணை முடிய ஒன்பது நாள் இருக்கும்போது சமாசத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பதினொரு ஊர்களில் பதினொரு கிளைச் சங்கங்கள். ஒவ்வோர் ஊரும் தன் இடத்திலேயே வாக்களிக்கும். ஊர்வாரியாக எண்ணி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். எனக்குக் கிடைத்தது பாலமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிளை. அங்கத்தவர் எண்பத்து மூன்று பேர்.

புறப்படும்போது, வாக்குப் பெட்டிகளாக இரண்டு பிஸ்கட் தகரங்களைத் தந்து பரிசோதகர் அருளப்பு ஐயா சொன்னார்.

“தம்பி, குடுத்த சீட்டும் தகரத்துக்குள்ள இருந்து எடுத்த சீட்டும் ஒண்டா இருக்கோணும். ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் நீர் பிறகு கந்தோருக்கு வரத் தேவையில்லை.”

அன்றிரவு நான் உறங்கவில்லை. காலை ஏழு மணிக்குச் சங்கக் கடை மண்டபத்தில் சீட்டுப் புத்தகத்தை எண்ணினேன். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒரு தடவை எண்பத்திரண்டு வந்தது, அடுத்த தடவை எண்பத்து நான்கு. ஆகவே எல்லாவற்றையும் அடிக்கட்டையிலிருந்து கிழித்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, மேசையில் பரப்பி எண்ணினேன். எண்பத்து மூன்று. நான்கு தடவை எண்ணினேன். நான்கு தடவையும் எண்பத்து மூன்று.

இதுதான் நான் செய்த பிழை. கிழிக்காத சீட்டு மிஞ்சினால் அது வெறும் தாள். புத்தகத்தோடு திருப்பிக் கொடுக்கலாம். கிழித்து முத்திரை குத்தினால் அது கொடுத்த சீட்டு. அது தகரத்துக்குள் போயே ஆக வேண்டும்.

2. மகனும் மருமகனும்

போட்டியிட்டவர்கள் இருவர். மூலையில் சாரன் துணியால் கட்டிய மறைப்புக்குப் பின்னால் ஆளுக்கொரு தகரம்; யாருக்கு வாக்கோ அவருடைய தகரத்தில் சீட்டைப் போட வேண்டும். சிவப்புத் தாள் ஒட்டிய பிஸ்கட் தகரம் இஸ்மாயிலுக்கு. அவர் அந்த ஊரில் பிறந்து, கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவி வீட்டில் இருப்பவர். பச்சைத் தகரம் சுலைமானுக்கு. அவர் கல்முனைக்குடியில் பிறந்து, கலியாணம் முடித்து அந்த ஊரில் மனைவி வீட்டில் இருப்பவர். அந்த மனைவி இஸ்மாயிலின் தங்கை. அதாவது ஒருவருடைய உம்மாதான் மற்றவருடைய மாமி.

எட்டு மணிக்குப் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் மீராலெப்பை கையில் தஸ்பீஹ் மணியோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் மெதுவாகச் சொன்னார்: “சிவப்பு.” அடுத்தவருக்கு, “பச்சை.” ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மணியை நகர்த்தினார்.

நான் எழுந்து ஓடினேன். “மரைக்கார், இது ரகசிய வாக்கு!”

“ரகசியம்தான் தம்பி. சாரன் கட்டி மறைச்சுத்தானே வெச்சிரிக்கீங்க? நான் உள்ளுக்கு எட்டிப் பாக்கல்லயே.”

“நீங்க ஏன் சொல்லிக் குடுக்கிறீங்க?”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு ஊரே கூடிக் கதைச்சு முடிச்ச விசயம். மகனுக்குக் கூடப் போட்டா மருமகன் கோவிச்சுக்கிட்டு அவர்ர உம்மாட ஊட்டுக்குப் போயிருவார். மருமகனுக்குக் கூடப் போட்டா மகன் பெருநாளைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார். அதால நாப்பத்தொண்டு, நாப்பத்தொண்டு.”

“அது எண்பத்திரண்டுதானே? எண்பத்து மூன்றாவது ஆள்?”

“அது சுலைமான். அவர் போடமாட்டார். தனக்குத்தானே போட அவரென்ன வெக்கங்கெட்டவரா?”

நான் மேசையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தேன். எண்பத்து மூன்றும் கிழித்து முத்திரை குத்தியவை.

3. நாலு மணிக்குப் பத்து நிமிடம்

மூன்றரைக்கு எண்பத்திரண்டு பேர் போட்டு முடித்தார்கள். ஒரு சீட்டு மேசையில் கிடந்தது. மரைக்காரிடம் என் நிலைமையைச் சொன்னேன். அவர் ஆளனுப்பிச் சுலைமானை அழைத்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெள்ளைச் சட்டையோடு சுலைமான் வந்தார். நல்ல மனிதர். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டார்.

“நானா, போடுங்க. எதுக்கெண்டாலும் போடுங்க. இல்லாட்டி எனக்கு வேலை இல்லை.”

“எனக்கே போட்டா என்ர முகம் கெட்டுப்போகும், தம்பி. மச்சானுக்குப் போட்டா ஊர் போட்ட கணக்குக் கெட்டுப்போகும்.”

“மருமகன், பொடியன்ட வேலை போகப்போகுதே,” என்றார் மரைக்கார்.

சுலைமான் சீட்டை வாங்கிக்கொண்டு சாரனுக்குப் பின்னால் போனார். வெகுநேரம் நின்றார். தாள் கிழியும் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. வெளியே வந்து, “போட்டுட்டன்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி.

நாலு மணிக்குத் தகரங்களைத் திறந்து எண்ணினேன். சிவப்பில் நாற்பத்திரண்டு. பச்சையில் நாற்பத்திரண்டு. கூட்டினால் எண்பத்து நான்கு. கொடுத்தது எண்பத்து மூன்று. ஒரு வாக்குக் கூடிவிட்டது.

மூன்றாம் தடவை எண்ணும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தகரத்திலும் ஒன்று அரைச் சீட்டு.

“இதை ஒட்டோணும்,” என்றேன்.

“எந்தத் தகரத்தில வெச்சு?” என்றார் மரைக்கார். “பச்சைத் துண்டத் தூக்கிச் சிவப்புக்குள்ள வெச்சு ஒட்டினா, சிவப்பு நாப்பத்திரண்டாயிரும். ஊர் விடாது.”

உண்மையிலேயே விடவில்லை. வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். கடைசியில், முடிவுப் படிவத்தில் சிவப்புக் கட்டத்துக்கும் பச்சைக் கட்டத்துக்கும் நடுவில் உள்ள கோட்டின் மேல் வைத்து ஒட்டுவது என்று தீர்ந்தது. பசை இல்லை. சுலைமானின் மாமி வீட்டிலிருந்து, அதாவது இஸ்மாயிலின் உம்மா வீட்டிலிருந்து, ஒரு கிண்ணத்தில் குழைத்த சோறு வந்தது. அதைக் கொண்டுவந்த அந்த அம்மா கேட்டார்:

“தம்பி, ஆரு வெண்டது?”

“நாற்பத்தொன்றரைக்கு நாற்பத்தொன்றரை, உம்மா.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். ரெண்டு பக்கமும் வெற்றி மாதிரி எல்லாரும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

4. கந்தோரில்

மறுநாள் காலை படிவத்தை அருளப்பு ஐயாவின் மேசையில் வைத்தேன். அதில் மூன்று எறும்புகள் ஓடின.

“இதென்ன காணும்?”

“பழுதான சீட்டு, சேர்.”

“ஒண்டா, ரெண்டா?”

“ஒண்டு, சேர். ஒட்டியிருக்கு.”

அவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, எல்லாச் சீட்டுகளையும் தாமே எண்ணினார்.

“எண்பத்து மூண்டு,” என்றார். கையெழுத்துப் போட்டார். “சோறு நல்ல அரிசி.”

ஒன்பதாம் நாள் என் வேலை உறுதியானது.

பதினொரு ஊரையும் கூட்டியபோது இஸ்மாயில் ஒரேயொரு வாக்கால் வென்றிருந்தார். எனக்கு மறுபடியும் உறக்கம் போயிற்று. யாருக்கும் சேராமல் பழுதாய்ப் போன அந்த ஒரு சீட்டால் ஒரு நல்ல மனிதர் தோற்றுவிட்டாரோ என்று சைக்கிளில் போய்ச் சுலைமானிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் வாசலில் மச்சானுக்கு வைக்கும் விருந்துக்கான ஆட்டுக்கு இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கே போட்டிருந்தா என்ன நடந்திரிக்கும், தம்பி? சமன். சமன் எண்டா திரும்பவும் தேர்தல். திரும்பவும் நீங்க வந்து அழுவீங்க.”

அதன் பிறகு முப்பத்திரண்டு வருடத்தில் பத்தொன்பது தேர்தல்களுக்குப் பெட்டி தூக்கினேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆள் முன்னால் வந்து நிற்கும்வரை சீட்டைக் கிழிக்காதீர்கள். வந்து நிற்பவர் வேட்பாளராக இருந்தால், அவர் போட்டுவிட்டு வரும்வரை காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள்.